தினேஷ் படேலும் என் மாணவனும்



ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து 2014-இல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் இருவர் அமெரிக்க பேஸ்பால் அணியில் சேர்ந்த உண்மைக் கதை. அவர்கள் ஒப்பந்தமானதோடு படம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

2008-இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஏஜென்ட், வேகமாகப் பந்து எறியும் இளைஞரைத் தேடி இந்தியாவில் டிவி போட்டி நடத்தினார். பல்லாயிரம் பேர் கலந்துகொண்டார்கள். முதலிடம் ரிங்கு சிங், ஒரு லாரி டிரைவரின் மகன். அடுத்த இடம் தினேஷ் படேல். இருவருமே ஈட்டி எறிபவர்கள். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறியக் கூடாது. பேஸ்பாலில் மடக்கித்தான் எறிய வேண்டும். ஈட்டி எறிந்த கைக்கு அது எளிதாக வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஆனால் அங்கே பெரிய லீக்கை எட்டப் பல படிகள் ஏற வேண்டும். பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். தினேஷ் அடிப்படி லீக்கில் 2009, 2010 என இரண்டே சீசன் ஆடினார். பிறகு அணி அவரை விடுவித்தது.

ரிங்கு இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். காயமும் அறுவை சிகிச்சையும் அவரையும் நிறுத்தின. 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்குப் போனார். 'வீர் மஹான்' அவர்தான்.

தினேஷ் ஊர் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்தார். கிராமத்துச் சிறுவர்களுக்கு பேஸ்பாலும் சொல்லிக்கொடுத்தார். படத்தில் வராத இந்தப் பகுதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏனென்றால், சிவகாசிப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியிலும் ஈட்டி எறிவதில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். மாவட்டப் போட்டியில் ஜெயித்தவன். பயிற்சி பயிற்சி என்று பிளஸ் டூவைப் பாதியில் விட்டான். தோள்பட்டையில் அடிபட்டது. அதன் பிறகு பட்டாசு ஆலை வேலைதான். படிப்பை விட்டபோது அவனைத் தடுக்காதவர்களில் நானும் ஒருவன். கப் வாங்கி வந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் படிப்புத் தகுதி வேண்டும். எனவே பெற்றோரே, பி.டி. ஆசிரியர்களே, பிள்ளை மைதானத்துக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். பரீட்சையையும் எழுத வையுங்கள். கை ஓய்ந்த பிறகும் அவன் நாற்பது வருஷம் பிழைக்க வேண்டும்.