ஆகஸ்ட் 15, 1936

செங்கல்பட்டுப் பக்கம் பிறந்த எம். ஜே. கோபாலன் வேகப்பந்து வீச்சாளர். 1934 நவம்பரில், சேப்பாக்கத்தில், ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தையே வீசியவர். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது வேறு கதை. ஹாக்கியிலும் ஆள் கெட்டி. 1935இல் தியான் சந்தோடு நியூசிலாந்து போய் வந்தார்.

1936இல் ரெண்டும் ஒரே கோடையில் வந்து நின்றது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்கு கிரிக்கெட் பயணம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். தப்புக்கணக்கு என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். ஆனால் 1928, 1932 ரெண்டு ஒலிம்பிக்கிலும் ஹாக்கித் தங்கம் நம்முடையதுதான். எதை விடுகிறோம் என்று தெரியாமலா விட்டிருப்பார்?

அந்தக் கிரிக்கெட் அணியோ விஜயநகரம் மகாராஜகுமாரின் தர்பார். நல்ல ஃபார்மில் இருந்த அமர்நாத்தையே பாதியில் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். மூன்று டெஸ்ட், ஒன்றில்கூட கோபாலன் இல்லை.

ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று சாய்த்துத் தங்கம் வாங்கியது. அதே நாள் லண்டன் ஓவலில் கடைசி டெஸ்ட் தொடங்கியது, கோபாலன் இல்லாமல்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட். ஒரு விக்கெட். அதற்கப்புறமும் பல வருஷம் மதராஸுக்காகப் பந்து வீசிக்கொண்டேயிருந்தார்.