அரிக்கமேட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள்

அரிக்கமேட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள், புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த பண்டைத் துறைமுகத்தின் அகழாய்வுகளில் உடைசல்களாகக் கிடைத்த உரோமானியக் கலங்கள். வெளிப்புறம் முழுக்க மேலிருந்து கீழாகப் புடைத்த வரிகள் இவற்றின் அடையாளம். கி.மு. 1ஆம் நூற்றாண்டிலும் கி.பி. 1ஆம் நூற்றாண்டிலும் மத்தியதரைக் கடற்கரைப் பட்டறைகளில் பெருவாரியாக உருவான வகை இது. ஊதுகுழாயால் ஊதாமல், சூட்டில் இளகவைத்து வளைத்துச் செய்தவை.

செஞ்சி மலைப்பக்கம் பிறந்து விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து வரும் சங்கராபரணியின் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ஜான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழாய்வு செய்தனர். பண்டைக் கிரேக்கக் கடல்வழி நூலான 'பெரிப்ளஸ்' குறிப்பிடும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது பரவலான கருத்து. ஆம்போராச் சாடிகளும் அரெட்டைன் என்னும் இத்தாலிய மட்கல ஓடுகளும் பெற்ற புகழில் பாதிகூடக் கண்ணாடி உடைசல்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் செய்முறையை மேற்பரப்பிலேயே வைத்திருப்பவை இவைதான்.

கண்ணாடிக்குப் பனிக்கட்டியைப்போல் திட்டமான உருகுநிலை கிடையாது. சூடு ஏற ஏற இளகிக்கொண்டே போகும். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி 650 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது தன் எடையிலேயே தொய்யத் தொடங்கும். வரிக்கிண்ணம் செய்தவர்கள் இந்தத் தொய்வைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். முதலில் இளகிய கண்ணாடியைத் தட்டையான வட்டாக்கி, சூடு ஆறுவதற்குள் கருவியால் அழுத்தி மேற்புறத்தில் வரிகளை எழுப்புவார்கள். பிறகு, கவிழ்த்த ஆப்பச்சட்டிபோலக் குவிந்த அச்சின்மேல் அந்த வட்டை வைத்து மறுபடி சூடேற்றுவார்கள். வட்டின் ஓரங்கள் தாழ்ந்து அச்சின்மேல் படிய, கிண்ணம் உருவாகும். இங்கிலாந்தில் கண்ணாடிக் கைவினைஞர்களான மார்க் டெய்லரும் டேவிட் ஹில்லும் இவ்வழியில் செய்தே காட்டியிருக்கிறார்கள். குயவர் சக்கரத்துக்கும் இதில் பங்குண்டு என்பது செருமானிய ஆய்வாளர் ரோஸ்மேரி லீர்க்கேயின் வாதம்.

இதற்குச் சான்று கிண்ணத்தின் உடம்பிலேயே இருக்கிறது. வெளிப்புற வரிகள் வழவழப்பாகப் பளபளக்கும். உட்புறமோ சாணை பிடிக்கப்பட்டது. அங்கே சுற்றிச் செல்லும் நுண்ணிய கீறல்களும், பெரும்பாலும் சக்கரத்தில் வெட்டிய ஓரிரு வட்டக் கோடுகளும் தெரியும். விளிம்புக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பட்டை அகலத்துக்கு அதே சாணைவேலை உண்டு. காரணம் எளியது. அனலை நோக்கியிருந்த பக்கம் தானாகவே மெருகேறிவிட்டது. அச்சில் ஒட்டிக் கிடந்த பக்கம் மங்கிப்போனதால் தேய்த்துத்தான் ஒளியூட்ட வேண்டியிருந்தது. சூளைக் கண்ணாடியில் எந்தப் பக்கம் எதைத் தொட்டதோ அந்தப் பக்கத்துக்குத்தான் கைவேலை மிச்சம்.

இன்றைய கலைஞர்கள் செய்யும் தொங்குகலம், அச்சின்மேல் படியவைக்கும் இம்முறைக்கு நேர்மாறானது. நடுவில் துளையிட்ட, வெப்பம் தாங்கும் வளையத்தைச் சூளைக்குள் கால்கள்மேல் உயர்த்தி வைத்து, அதன்மேல் கனமான கண்ணாடி வட்டைக் கிடத்துவார்கள். சூடு 650–700 டிகிரியை எட்டும்போது துளை வழியே கண்ணாடி மெல்ல இறங்கும். இறக்கத்தைச் சூளைக் கண்வழியே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் துளையோரத் தோள் மெலிந்து கலம் அறுந்து விழும். தேவையான ஆழம் வந்ததும் சூளையைச் சற்றுத் திறந்து வெப்பத்தைத் தணித்து ஓட்டத்தை நிறுத்துவார்கள். அதன்பின் 500 டிகிரியை ஒட்டிய நிலையில் நிறுத்திவைத்து, உள்ளழுத்தம் தீர மெதுவாக ஆறவிடுவார்கள். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்தால், கலம் மறுநாளோ மறுமாதமோகூட விரிசல் விடும்.

தொங்கும்போது கலத்தின் சுவர் எதன்மீதும் படுவதில்லை. ஆகவே உள்ளும் புறமும் அப்படியே பளபளக்கும். வேலை மிஞ்சுவது வளையத்தில் கிடந்த கழுத்துப்பட்டையில்தான். அதை வைர ரம்பத்தால் அறுத்து நீக்கி, விளிம்பைச் சிலிக்கான் கார்பைடு பொடியால் முதலில் சொரசொரப்பாகவும் பிறகு மேன்மேலும் நுண்மையாகவும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் சீரியம் ஆக்சைடால் மெருகிடுவர். இந்தக் கடைசிப் படிகளில் எதைத் தாண்டினாலும் முந்தைய கீறல் மெருகுக்கு அடியில் தெரியும்.

அரிக்கமேட்டின் சொந்தக் கண்ணாடித் தொழில் கிண்ணமல்ல, மணி. இளகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழலாக இழுத்து, துண்டுகளாக நறுக்கி, கூரான முனைகள் மழுங்க மறுபடி சூடேற்றுவது அம்முறை. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சாம்பல் கலப்பது வழக்கம். இதே மரபு ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை நீடித்தது. 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று இவற்றுக்குப் பெயரிட்ட மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், இவ்வகையின் தொடக்க மையமாக அரிக்கமேட்டையே கருதினார்.

மணிகள் இங்கு உருவானதை வைத்துக் கிண்ணங்களையும் உள்ளூர்ச் சரக்கென்று சொல்வது பொருந்தாது. உரோமானியக் கண்ணாடி எகிப்திய நேட்ரான் உப்பால் ஆனது, அலுமினா குறைவு. தென்னிந்திய மணிகளில் பெரும்பகுதி 5 விழுக்காட்டுக்கு மேல் அலுமினா கொண்டது. மேற்குக் கரைத் துறைமுகங்களான பாரிகாசாவுக்கும் முசிறிக்கும் கண்ணாடிக் கட்டிகள் வந்திறங்கியதைப் பெரிப்ளஸ் சொல்கிறது. ஆனால் அவற்றைக் கொண்டு வரிக்கிண்ணம் செய்த சூளை எதுவும் அரிக்கமேட்டில் அடையாளம் காணப்படவில்லை. இன்றுள்ள சான்றுகளின்படி, மணி இங்கே செய்தது. கிண்ணம் கப்பலில் வந்தது.