விட்டன்பர்க்கிற்கு வந்த தீர்க்கதரிசிகள்

1521 டிசம்பர் இறுதியில், நெசவாளர் நிக்கோலஸ் ஸ்டார்க் முதலிய மூவர் ஸ்விக்காவிலிருந்து ஜெர்மனியின் விட்டன்பர்க் நகருக்கு வந்தனர். இறைவன் தம்மோடு நேரே பேசுவதாக அவர்கள் உரைத்தபோது, பேரறிஞர் மெலாங்க்தனே தடுமாறினார்.

வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்துவந்த மார்ட்டின் லூதர், அவர்கள் ஆன்ம வேதனையை அறிந்தவர்களா எனச் சோதிக்குமாறு 1522 ஜனவரியில் மெலாங்க்தனுக்கு எழுதினார். மார்ச்சில் தாமே திரும்பினார். கிறிஸ்துவின் சிலுவைப்பணி நிறைவுற்றது என்பதே லூதரின் அடித்தளம். அதற்குமேல் வெளிப்பாடு தேடுவது, அப்பணி போதாது என்பதற்கு ஒப்பாகும்.

போப்பை மறுத்தவர் இவர்களையும் எவ்வாறு மறுத்தார் என நாம் வினவலாம். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே: எழுதப்பட்ட வசனம். அதை எவரும் படித்துச் சோதிக்கலாம். பிறர் கண்ட கனவை நாம் சோதிக்க இயலாது. அவ்வாண்டு செப்டம்பரில் அச்சேறிய அம்மொழிபெயர்ப்பையே லூதரின் முழு விடையாக நாம் கொள்கிறோம்.