ஆம்ஸ்டர்டம்சே போஸ்

ஆம்ஸ்டர்டம்சே போஸ், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டம் நகரை ஒட்டி மனித உழைப்பால் உருவான வனப்பூங்கா. பரப்பு ஏறத்தாழ 1,000 ஹெக்டேர். பெரும்பகுதி அண்டை நகரான ஆம்ஸ்டல்வேன் எல்லைக்குள் இருந்தாலும், இதைப் பராமரிப்பது ஆம்ஸ்டர்டம் மாநகராட்சியே.

வரலாறு: நெரிசலில் வாழ்ந்த மக்களுக்கு மரநிழலும் திறந்தவெளியும் தர வேண்டுமென 1928இல் நகர மன்றம் முடிவெடுத்தது. கார்னெலிஸ் வான் ஏஸ்தரன், யாக்கோபா முல்டர் ஆகியோர் வடிவமைத்தனர். 1934இல் பணி தொடங்கியது. பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இதில் உழைத்தனர். நடவு 1970இல் நிறைவடைந்தது.

அமைப்பு: இது கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த, நீர் வடித்து மீட்ட நிலம். வேர்கள் அழுகாதிருக்க மண்ணுக்கடியில் வடிகுழாய்கள் பதித்து நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்தினர். விரைவில் வளரும் ஆல்டர், பாப்லர் மரங்களை முதலில் நட்டனர். அவற்றின் காப்பில் ஓக், பீச் மரங்கள் மெல்ல வளர்ந்தன. துடுப்புப் படகுப் போட்டிக்கென வெட்டிய போஸ்பான் கால்வாயின் மண்ணே இங்குள்ள குன்றாயிற்று.

பயன்பாடு: நடைபாதை, மிதிவண்டிப் பாதை, குதிரைப் பாதை, ஆட்டுப்பண்ணை, திறந்தவெளி அரங்கு ஆகியன உள்ளன. நகர வளர்ச்சித் திட்டத்திலேயே காட்டுக்கும் இடம் ஒதுக்கியதும், பலன் கனியப் பல பத்தாண்டுகள் பொறுத்திருந்ததும் இதன் தனிச்சிறப்பு.