ஈமாக்ஸ்: வெறுமையாகத் தொடங்கும் வசதியின் வரலாறு
ஈமாக்ஸ் உரைத்தொகுப்பி 1976-இல், டெக்கோ என்னும் தொகுப்பிக்கான கட்டளைத் தொகுதியாகத் தோன்றியது. நீட்சியாகவே பிறந்தது எனலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய குனூ ஈமாக்ஸ் 1985-இல் வெளிவந்தது. திறக்கும்போதே இது பயனரின் தொடக்கக் கோப்பைப் படித்துவிடும். வழு தோன்றினால் பிழை ஈமாக்சினுடையதா, பயனர் சேர்த்த நீட்சியினுடையதா?

சிற்றெழுத்துக் 'கியூ' என்ற தொடக்க விருப்பம் பயனரின் கோப்பைத் தவிர்த்தது. நிருவாகி வைத்த பொதுக் கோப்பு அப்போதும் இயங்கியது. 2007-இல் வந்த 22ஆம் பதிப்பின் பேரெழுத்துக் 'கியூ' அதையும் நிறுத்தியது. வழுவை அறிவிப்போர் முதலில் இப்படித் திறந்து பார்க்க வேண்டும். உள்ளமைந்த தமிழ் உள்ளீட்டு முறை அப்போதும் கிடைக்கும்.

ஆனால் வெறும் தொகுப்பியில் நீட்சியின் வழு தெரியாதே! வேண்டிய கோப்புகளைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருந்தது. 2025-இல் வெளியான 30ஆம் பதிப்பின் 'பேக்கேஜ் ஐசொலேட்' கட்டளை, தேர்ந்தெடுத்த நீட்சிகளை மட்டும் ஏற்றி இன்னொரு ஈமாக்சைத் திறக்கிறது.