மணமக்கள் படமும் மலாக்கா வெயிலும்

மலாக்கா நகருக்கு வடக்கே அமைந்த ஊர் குருபோங். ரப்பர் மரங்கள் அடர்ந்திருந்த அப்பகுதியில் இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. ஆயினும் அங்கு எறிக்கும் வெயில் மட்டும் மாறவில்லை. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இரண்டேகால் பாகை அளவிலேயே அவ்வூர் இருத்தலின், ஆண்டு முழுவதும் நண்பகற் கதிரவன் அங்கே 64 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. மார்ச்சு மாத இறுதியிலும் செப்டம்பர் மாத நடுவிலும் நேர் உச்சியில் நின்று, நட்ட கோலின் நிழலையும் விழுங்கிவிடும்.

இத்தகைய வெயிலில், கோயில் வாயிலிலோ பந்தலுக்கு வெளியிலோ மணமக்களை நிறுத்திப் படம் எடுத்தால் விளைவது யாது? கண்குழிகள் இருண்டுபோகும். மூக்கின் நிழல் மேலுதட்டின்மீது மீசைபோல் விழும். மணமகனின் தலைப்பாகை அவன் நெற்றியைக் கறுப்பாக்கும். வேட்டியும் மல்லிகைச் சரமும் மடிப்பும் இதழும் தெரியாத வெள்ளைத் திட்டுகளாகிவிடும். பொருத்தம் பார்த்து, நாள் பார்த்து, நாழிகையும் பார்த்து நடத்திய திருமணத்தின் சான்று, வெயிலைப் பார்க்க மறந்தமையால் இவ்வாறு பழுதாவதுண்டு.

இக்குறையைக் களைய மனிதர் கண்ட வழிகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே மலாக்காவில் பிறந்த ஒருவர் நிற்கிறார்.

அப்துல்லா கண்ட வெள்ளித் தகடு

முன்ஷி அப்துல்லா மலாய் உரைநடையின் தந்தையெனப் போற்றப்படுபவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து மணவுறவு கொண்ட அரபியர். பாட்டியின் பெயர் பெரியாச்சி. மலாக்காவில் வணிகத்திற்கு இன்றியமையாத மொழி தமிழ் என்று கருதி, அவருடைய தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். 1843-இல் எழுதி முடித்து 1849-இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில், அமெரிக்கப் போர்க்கப்பலின் மருத்துவர் ஒருவர் சிங்கப்பூர் நகரின் தோற்றத்தைத் தூரிகை தொடாமல் வெள்ளித் தகட்டில் இறக்கிக் காட்டியதை அப்துல்லா வியப்புடன் விவரிக்கிறார். பிரான்சு நாட்டு டகேர் கண்ட முறை 1839-இல்தான் உலகறிய வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதனைக் கண்டு, எழுத்திலும் பதித்துவைத்த இப்பெருமை எளிதன்று.

அம்முறையில் வெள்ளி பூசிய செப்புத்தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, பெட்டிக்குள் வைத்து ஒளிபடச் செய்து, பின்னர்ப் பாதரச ஆவியில் காட்டுவர். புகைப்படம் என்னும் சொல்லைக் கேட்பார்க்கு இவ்விரு புகைகளும் நினைவிற்கு வருதல் இயல்பே. தகட்டில் வெளிச்சம் மிகப்பட்ட இடம் வெளிறி நீலம் பாய்ந்துவிடும். நிழல் விழுந்த இடம் ஒன்றுமின்றிக் கிடக்கும். அதனைத் திருத்தவும் இயலாது. ஒரு தகட்டிற்கு ஒரே படம், பழுதானால் பழுதானதுதான்.

திருத்தம் என்பது நெகடிவ் எனப்படும் எதிர்ப்படம் வந்த பின்னரே கைகூடிற்று. 1857-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858-இலும் லின்னேயசு டிரைப் என்னும் படைத்துறை அலுவலர் சென்னை அரசாங்கத்தின் பொருட்டுத் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். தமிழ்நாட்டு வானம் அவருடைய காகித நெகடிவில் ஓயாமல் வெறும் வெள்ளையாகவே விழுந்தது. அவர் நெகடிவின்மேல் வண்ணம் தீட்டி முகில்களை உண்டாக்கினார். மரங்களின் இலைத்தொகுதிகளையும் கையால் சரிசெய்தார். பெரிய கோயில் கோபுரத்திற்குப் பின்னே தெரியும் முகில் சில படங்களில் டிரைப்பின் தூரிகை தந்த முகிலே என்பதை அறிந்தபின் அப்படங்களின் மதிப்புக் குறைவதில்லை. ஆனால் வானிலை ஆராய்வோர் அவற்றை நம்பிவிடலாகாது!

சில ஆண்டுகள் கழித்து, 1862-இல், இசுக்காத்துலாந்து நாட்டு ஜான் தாம்சன் மலாயாக் கரைக்கு வந்தார். பினாங்கில் ஏறத்தாழப் பத்துத் திங்கள் தங்கிப் படம் எடுத்தபோது, அச்சிடும் வேலைக்கும் உதவிக்கும் சென்னைப் பக்கத்தார் இருவரைப் பயிற்றியதாக 1875-இல் வெளிவந்த தம் நூலில் கூறுகிறார். கையால் தீண்டாமல் உருவம் எடுப்பது பேய்வேலை என்று சீனர் மறுத்துவிட்டதால் இவர்களை அமர்த்தினாராம். அவ்விருவரையும் அவர் சுட்டுவது, அக்காலத்தில் தென்னிந்தியரைக் குறித்ததும் இன்று இழிசொல்லாகக் கருதப்படுவதுமான 'கிளிங்' என்னும் சொல்லால். தம் பயணங்களின் நுட்பங்களையெல்லாம் விரித்தெழுதிய தாம்சன், தம் படங்களை வெயிலில் அச்சிட்டுக் கொடுத்த அவ்விருவரின் பெயரை அவ்விடத்தில் எழுதவில்லை. மலாயாவின் நிழற்படக் கலையில் தென்னிந்தியர் கை இத்துணைத் தொடக்கத்திலேயே பட்டது என்பதற்கு அவ்வரியே சான்றாக நிற்கிறது.

தகட்டுக்குத் தெரியாத நிறங்கள்

வெயில் ஒன்றே குற்றவாளி அன்று. பழைய தகடுகளுக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே கண்ணில் படும். மஞ்சளும் சிவப்பும் அவற்றிற்கு இருளே. தமிழர் திருமணத்தை இக்கண்ணால் நோக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மஞ்சள் பூசிய முகம் கறுக்கும். நெற்றிக் குங்குமம் கரும்புள்ளியாகும். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை துக்க உடைபோல் தோன்றும். தாலிக்கயிறும் பொன்னும் ஒளியிழக்கும். மங்கலம் என்று நாம் போற்றும் நிறங்கள் அனைத்தும் அத்தகட்டில் இருளாகவே விழுந்தன. தமிழரின் மாநிறமும் நீல ஒளியை மிகக் குறைவாகவே திருப்புதலின், இருக்கும் நிறத்தினும் பன்மடங்கு கறுத்துத் தோன்றிற்று.

1873-இல் செருமானிய அறிஞர் ஃபோகல், தகட்டில் சாயமேற்றினால் அது பச்சையையும் உணரும் என்று கண்டார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அவை பரவலாக வழங்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே நம் பாட்டன்மார் காலத்துப் படங்களில் காணும் கடுமையான கறுப்புக்குப் பாதிக் காரணம் வெயில். மீதிப் பாதி தகட்டின் குருட்டுத்தன்மை.

நிழற்பட நிலையங்களின் அமைப்பும் இந்நாட்டிற்குப் பொருந்தி வரவில்லை. ஐரோப்பாவில் வடக்கு நோக்கிய கண்ணாடிக் கூரை அமைப்பர்; அங்கே கதிரவன் தென்பாலே செல்வதால் வடக்கிலிருந்து நேர்வெயில் புகாது. மலாக்காவிலோ மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் நடுவரை நண்பகற் கதிரவன் வடபாலே நிற்கும். புத்தகத்தைப் பார்த்துக் கூரை அமைத்தவர் பாதி ஆண்டு திரைச்சீலை தொங்கவிட்டே பிழைக்க வேண்டும்.

இனிக் கணக்கையும் சற்று நோக்குவோம். நேர்வெயில் படும் இடம் பக்கத்து நிழலைவிட ஏறத்தாழ 8 மடங்கு ஒளியுடையது. வெள்ளை வேட்டி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்கிற்கு மேல் திருப்பும். கருங்கூந்தல் இருபதில் ஒரு பங்கும் திருப்பாது. இவ்விரண்டையும் பெருக்கினால், வெயிலில் உள்ள வேட்டிக்கும் நிழலில் உள்ள கூந்தலுக்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பளபளப்பான அச்சுத்தாள் காட்டவல்லதோ நூறு மடங்கின் அளவே. பளபளப்பற்ற தாளில் அதனினும் குறைவு. கொள்ளாத குடத்தில் நீரைக் கொட்டினால் வழியத்தானே செய்யும்!

பென்சிலும் கத்தியும்

வழிந்ததை அள்ளும் வேலை திருத்துநர் கைக்கு வந்தது. சாய்வு மேசையில் தேய்த்த கண்ணாடி பதித்து, கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து ஒளியை மேலே செலுத்தி, நெகடிவை அதன்மேல் வைப்பர். ஊசிபோல் நீளச் சீவிய பென்சிலால் நிழல் விழுந்த இடத்தில் மிக நுண்ணிய கோடுகளை இடுவர். நெகடிவில் கறுப்புச் சேர்ந்தால் அச்சில் வெளிச்சம் சேரும். இதற்கு மாறாக, வெளிறிய இடத்தைக் கறுப்பாக்க நெகடிவின் மேற்பூச்சைக் கூரிய கத்தியால் சுரண்டுவர். ஒரு மயிரளவு ஆழம் மிகுந்தால் மணமகளின் கன்னத்தில் தழும்பு! பெரிய நிழற்பரப்பாயின் நெகடிவின் பின்புறம் சிவப்புச் சாயத்தை மெல்லப் பூசி ஒளியைத் தடுப்பர். இருட்டறையில் அச்சிடும்போது கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டாலோ விரல்களாலோ முகத்தை மறைத்து, வேட்டியின்மேல் மட்டும் கூடுதல் நேரம் ஒளி விழச் செய்வதும் உண்டு.

கண்குழி இருண்ட முகத்திற்குக் கடைசியாகச் செய்வது கருவிழியில் ஒளிப்புள்ளி ஒன்று வைப்பது. சிற்பி திருமேனி முழுவதையும் முடித்து இறுதியில் கண் திறப்பதை இச்செயல் நினைவூட்டும். அப்புள்ளி இருகண்ணிலும் ஒரே பக்கத்தில் விழ வேண்டும், மாறினால் மாறுகண்ணாகிவிடும்.

இத்திறமையின் மறுபக்கம் ஒன்றும் உண்டு. நிழலை அகற்றப் புகுந்த பென்சில் நிறத்தையும் அகற்றத் தொடங்கிற்று. மூக்கடி நிழலை இளக்கியதோடு நில்லாமல், மணமகளின் மாநிறத்தையே வெளுக்கச் செய்து, வீட்டாரே அடையாளம் காண முடியாத முகத்தைச் சட்டமிட்டுத் தந்த படங்கள் பலவாகும். திருத்துநரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. கேட்டு வாங்கியவர் வீட்டார். ஆனால் நிழல் கதிரவன் செய்தது, நிறம் உடம்பிற்குரியது. முன்னதைத் திருத்துவது தொழில்; பின்னதைத் திருத்துவது அந்தப் பெண்ணிடம், நீ இருக்கும்படி இருத்தல் போதாது என்று சொல்வதாகும்.

தோட்டப் பாட்டாளிகளின் நிலையில் வைத்து நோக்கினால் இது மேலும் உறைக்கும். மலாயாவில் 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதைக் கடந்த யாவரும் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை பெறல் வேண்டும் என்று விதித்தனர். பால்மரம் வெட்டிய பலர்க்கு அரசாங்கத்திற்காக எடுத்த அச்சிறு படமும், திருமணத்தன்று எடுத்த ஒரு படமுமே இளமையின் சான்றுகள். ஒன்றில் முகம் இருந்தவாறு இருக்கிறது. மற்றொன்றில் வேறு யாருடைய நிறமோ ஏறியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எதனை நம்புவர்?

வண்ணச்சுருள் வந்ததும் இச்சிக்கல் தீர்ந்துவிட்டதாக எண்ணினர். தீரவில்லை. வண்ணப்படங்களை அச்சிடும் நிலையங்களில் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படமுள்ள அட்டையே அளவுகோலாக நெடுங்காலம் இருந்தது. கரிய முகங்களுக்காக அன்றி, தங்கள் பண்டங்களின் பழுப்பு நிறங்கள் படத்தில் சரியாக விழவில்லை என்று சாக்லெட்டு உற்பத்தியாளரும் மரச்சாமான் உற்பத்தியாளரும் முறையிட்டதாலேயே சுருளைச் சீர்செய்யும் முயற்சி விரைந்தது என்று கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் 2009-இல் எழுதினார். மரத்துக்குக் கிடைத்த நீதி மனிதர்க்குப் பின்னர்க் கிடைத்தது.

இற்றை நாள் வழி

இன்று பென்சிலின் இடத்தைக் கணினி பிடித்துவிட்டது. நிழலையும் மிகையொளியையும் தனித்தனியே சரிசெய்யும் கருவி 2003-இல் வந்த ஃபோட்டோஷாப் பதிப்பிலேயே இடம்பெற்றது. எனினும் ஒரு முறை தலைகீழாகிவிட்டதை அறிதல் வேண்டும். பழைய சுருளில் நிழலுக்கு ஏற்ப ஒளியளவு கொடுப்பர். மிகையொளி நெகடிவில் எப்படியும் ஓரளவு தங்கியிருக்கும். இக்காலப் பொறியிலோ மிகையொளி ஓர் எல்லையைக் கடந்தால் அங்கே ஒன்றுமே பதியாது. எக்கருவியாலும் வேட்டியின் மடிப்பை மீட்க இயலாது. ஆதலின் வெள்ளைக்கு ஏற்ப ஒளியளவைக் குறைத்து எடுத்து, இருண்ட முகத்தைப் பின்னர் அளவாக உயர்த்துவதே தக்கது. அளவு மிஞ்சினால் முகம் சாம்பல் பூத்துப்போகும்; கூந்தலைச் சுற்றிப் பொய்யான ஒளிவட்டம் தோன்றும்.

எடுக்கும்போதே தவிர்ப்பது இதனினும் எளிது. மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் 1982 முதல் அரைமணி முன்னே செல்வதால், மலாக்காவில் உச்சிவேளை பெரும்பாலும் பகல் ஒரு மணியைக் கடந்தே வருகிறது. பத்தரை மணி முகூர்த்தம் முடித்து, பெரியோர் வாழ்த்தும் பெற்று வெளியே வரும் 12 மணி படத்திற்கு ஆகாத பொழுது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து வரும். நண்பகலில் எடுத்தே தீரவேண்டுமாயின், மரத்தடியின் நடுவில் நிறுத்தலாகாது. இலைகளினூடே விழும் ஒளிவட்டங்கள் முகத்தில் அம்மைத் தழும்புபோல் படியும். நிழல் முடியும் ஓரத்தில், திறந்த வானை நோக்கி நிறுத்துதல் வேண்டும். மார்பளவில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து இருவர் பிடித்தால், கீழிருந்து எழும் ஒளி கண்குழியை நிரப்பிவிடும்.

பழைய படங்களை வைத்திருக்கும் குடும்பங்கள் செய்யத்தக்கது வேறொன்று. அச்சிட்ட படத்தைமட்டும் காத்து, நெகடிவைக் குப்பையில் இடுவோர் உளர். அச்சுத்தாளினும் நெகடிவ் மிகுதியாகத் தாங்கும். அச்சில் வெறும் வெள்ளையாகத் தெரியும் வேட்டியின் கரையும், வெறும் கறுப்பாகத் தெரியும் கூறையின் சரிகைப் பூக்களும் பலபோது அதில் உறங்குகின்றன. ஈரக்காற்று படாமல் காத்து, கணினியில் பதிவு செய்யும்போது வெள்ளைக்கு ஒருமுறை, கறுப்புக்கு ஒருமுறை என இருமுறை பதித்தால் அவை வெளிப்படும். நெகடிவைச் சற்றே சாய்த்து ஒளியில் பிடித்தால், முகத்தின்மேல் பெயரறியாத ஒரு திருத்துநரின் பென்சில் கோடுகளும் மினுங்கும்.