குழந்தைக்கு பாக்சிங் சொல்லித்தரப் போறீங்களா? கையை விடுங்க, முதல்ல காலைப் பாருங்க

'சார்பட்டா பரம்பரை' வந்ததிலிருந்து ஆறேழு வயசுப் பிள்ளைகள் பல வீடுகளில் தலையணையைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பரம்பரைகள் வெறும் கற்பனை இல்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்ற பெயர்களில் வடசென்னையில் நிஜமாகவே குத்துச்சண்டைக் குழுக்கள் மோதியிருக்கின்றன. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய தேவராஜனும் சென்னைக்காரர்தான்.

சரி, நீங்கள் கோலார் தங்கவயலில் இருக்கிறீர்கள். 2001-ல் சுரங்கம் மூடியபிறகு இங்கே ஏராளமானோரைப் போல மாரிக்குப்பத்தில் ரயில் பிடித்து பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள். ராத்திரி கிடைக்கும் அரைமணி நேரத்தில் பிள்ளைக்கு என்ன சொல்லித்தரலாம்?

இடம் வேணுமா?

லைன் வீட்டு வாசல் போதும். ஆறடி நீளத்துக்கு சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வலதுகைப் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் இடதுகால் முன்னால், கோட்டுக்கு ஒரு பக்கம். வலதுகால் பின்னால், மறுபக்கம். இடைவெளி தோள் அகலம். முழங்கால் லேசாக மடங்கட்டும், பின்கால் குதிகால் கொஞ்சம் தூக்கியிருக்கட்டும். இடதுகைப் பிள்ளைக்கு எல்லாமே தலைகீழ்.

விதி ஒன்றுதான்: எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கத்துக் கால் முதலில். முன்னே போக முன்கால், பின்வாங்கப் பின்கால். மற்ற கால் அதே அளவு பின்தொடரும். கால்கள் ஒன்றுசேரவும் கூடாது, கோட்டைத் தாண்டிப் பின்னவும் கூடாது. சந்தேகமா? நடுவில் 'நில்!' என்று சொல்லி, தோளை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தடுமாறினால் கால் தப்பு. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே இருக்கும். முதல் சில வாரங்கள் இதை மட்டும் செய்தாலே போதும் என்பேன். 1980-ல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடிய முகமது அலியின் புகழில் பாதி அவர் காலுக்குச் சேரும்.

குத்து எப்போ?

முதலில் முஷ்டி. பெருவிரலை உள்ளே மடக்கிக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம்; அப்படிக் குத்தினால் விரலில் அடிபடும். பெருவிரல் வெளியே, மடங்கிய விரல்களின் குறுக்கே இருக்கணும். மணிக்கட்டு வளையக்கூடாது.

இரண்டு கையும் கன்னத்தருகே, தாடை கொஞ்சம் கீழே. முன்கை நேராகப் போய், போன வழியிலேயே கன்னத்துக்குத் திரும்பினால் அது ஜாப். திரும்பி வருவதுதான் பிள்ளைகளுக்கு மறந்துபோகும். அடுத்தது கிராஸ்: பின்கால் குதிகால் திரும்ப, இடுப்பு திரும்ப, கடைசியாகக் கை. பலம் தரையிலிருந்து வருகிறது, தோளிலிருந்து இல்லை. ஹூக், அப்பர்கட் எல்லாம் பிறகு.

மடித்த துண்டை உங்கள் கையில் பிடித்து, பிள்ளையின் தோள் உயரத்தில் காட்டுங்கள். கனமான பை வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிஷம் போதும்.

தலையில் அடி?

இங்கேதான் கறாராக இருக்கணும். குழந்தைகளும் பதின்வயதினரும் பாக்சிங்கில் இறங்குவதையே அமெரிக்க, கனடா குழந்தைநல மருத்துவர் அமைப்புகள் 2011-ல் கூட்டாக எதிர்த்தன. தலையைக் குறிவைத்து அடிப்பது இந்த விளையாட்டின் பகுதி என்பதுதான் காரணம். 'ஹெட்கார்டு போட்டா சரியாப் போச்சு' என்ற சமாதானமும் எடுபடாது. அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும்; மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

அதனால் கால் பழகலாம், துண்டைக் குத்தலாம். இன்னொரு பிள்ளையின் முகத்தை வேண்டாம். அண்ணன் தம்பிக்குள் 'சும்மா' போடும் சண்டையும் இதில் சேர்த்திதான்.

பயிற்சி மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் கோச்சிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "சார், எந்த வயசுல ஸ்பாரிங் விடுவீங்க?" 'வந்த முதல் மாசமே' என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். எப்படியோ தலையில் அடிபட்டு, தலைவலி, வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் எது தெரிந்தாலும் அன்றோடு பயிற்சியை நிறுத்தி, உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.